கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர்: கொங்கு நாட்டில் அலை வளரும் விதம் குறித்து ஓர் ஆய்வு

கோயமுத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி, ஆறு நாள் அந்த வழியையே அடைத்துப்போட்ட 'எவர் கிவன்' கப்பலின் நீளம் 400 மீட்டர். ஆக, அந்தக் கப்பலைக் கொச்சிக் கடலோரத்தில் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தாலும் அதன் மூக்கு கோவையின் தரைமட்டத்தை எட்டாது. இப்பேர்ப்பட்ட ஊரிலும் அலைகள் எழுகின்றன, அவை ஆண்டுக்கு ஆண்டு வளரவும் செய்கின்றன என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், வணிகக் கப்பல்களில் இருபது முப்பது ஆண்டு உழைத்து, கடைசி 'சைன் ஆஃப்' போட்டுவிட்டுக் கொங்கு நாட்டில் கரையேறியவர்கள். (கரை என்பதை இங்கே நொய்யல் கரை என்று கொள்க.) ரேஸ்கோர்ஸ் நடைபாதை, ஆர்.எஸ்.புரத்து ஓட்டல் மேசை, வடவள்ளிப் பக்கத்து மொட்டைமாடி ஆகியவை இவர்கள் கூடும் இடங்கள். ஏன் கூடுகிறார்கள் என்பதற்கான விடை கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார்:

"நேவீல இருந்தீங்களாமா? துப்பாக்கியெல்லாம் குடுப்பாங்களா?"

"இல்லீங்க, இது மெர்ச்சண்ட் நேவி. சரக்குக் கப்பலுங்க."

"ஓ. பென்சன் வருமுங்களா?"

"வராதுங்க."

கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் படரும். உலகத்தை எத்தனையோ முறை சுற்றிய மனிதர், மின்வாரியத்தில் வேலை பார்த்த சம்பந்தியின் முன்னால் சிறுத்துப்போவார். நன்னம்பிக்கை முனையில் பட்ட பாட்டை அங்கே எடுத்துச் சொல்ல வழியே இல்லை. அதைக் காதுகொடுத்துக் கேட்க, அதே முனையைச் சுற்றிய இன்னொருவர் வேண்டும். இப்படித்தான் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்கிறார்கள்.

கப்பல்காரர்கள் சங்கம் சேர்வது உலக வழக்கம்தான். 1967இல் அரபு–இஸ்ரேல் போர் மூண்டபோது சூயஸ் கால்வாய் மூடப்பட்டு, கிரேட் பிட்டர் ஏரியில் 14 கப்பல்கள் மாட்டிக்கொண்டன. 1975 வரை அவை நகரவில்லை. பனிப்போரில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் மாலுமிகள் அந்த ஏரியில் ஒன்றாகச் சேர்ந்து 'கிரேட் பிட்டர் லேக் அசோசியேஷன்' என்று சங்கம் வைத்தார்கள். தங்களுக்கென்று தபால்தலை வெளியிட்டார்கள்; 1968இல் குட்டி ஒலிம்பிக்கும் நடத்தினார்கள். நாலு பக்கமும் தரை சூழ்ந்த இடத்தில் மாட்டிக்கொண்ட கடலோடிகள் என்ற வகையில், அவர்களே கோவைக் குழுக்களுக்கு நேரடி முன்னோடிகள்.

கொங்குக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் பாலக்காட்டுக் கணவாயை மறந்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை விட்டுவைத்த வாசல் அது. ரோமானியர் காலத்தில் எகிப்துக் கரையிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்த கப்பல்களுக்கான சரக்கு, இந்த வாசல் வழியாகவும் போனது. காங்கேயம் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லும், நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் அப்படிக் கடல் கண்டவை. முசிறியிலிருந்து சரக்கேற்றிப் போன 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் கணக்கு எழுதிய பாப்பிரஸ் இன்றும் வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன. வரலாற்றாசிரியர்கள் இதை வணிகம் என்பார்கள். யாரோ ஒருவன் அன்றைக்கு முசிறியில் சைன் ஆஃப் ஆகி, பெட்டியோடு ஊர் வந்து, பங்காளிகள் கண்ணில் படாமல் சம்பளத்தைப் புதைத்துவைத்தான் என்றும் கொள்ளலாம். மறுப்பவர்கள் வெள்ளலூர் போய்ச் சான்று தேடலாம். அங்கே இப்போது மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது.

காசு வந்த வாசல் வழியாகத்தான் காற்றும் வருகிறது. ஜூன் பிறந்துவிட்டால் அரபிக்கடல் காற்று கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து கோவைக்கு வரும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவரை மொட்டைமாடியில் கண்டால் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொடியில் வேட்டி படபடப்பதையும் தென்னங்கீற்று சாய்வதையும் பார்த்து, "ஃபோர்ஸ் ஃபைவ், சவுத் வெஸ்டர்லி" என்பார். 1805இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் அது. காற்றைச் சுழியம் முதல் பன்னிரண்டு வரை தரம்பிரிக்கிறது. பின்னாளில் அதைத் தரைக்கும் விரித்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சிரமமாக இருந்தால் ஃபோர்ஸ் சிக்ஸ். கேப்டன் வீட்டு அம்மாவுக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை. "மழ வருதுங்க, துணியெடுங்க" என்பதோடு அவர் வானிலை அறிக்கை முடியும்.

கோவையோடு பெயர் பிணைந்த கப்பல்காரர்களில் தலைமையானவர் இங்கே வந்தது காற்று வாங்க அல்ல. 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, பயணிகளை இழுக்க இலவச டிக்கெட்டோடு குடையும் கொடுத்துப் பார்த்தது என்பார்கள். 1908இல் அவரைக் கோவை மத்திய சிறைக்குக் கொண்டுவந்து செக்கிழுக்க வைத்தார்கள். அவர் 1912 இறுதியில் விடுதலையாகும் முன்பே கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்கள் விலைபோயிருந்தன. இன்று வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் நடை பழகும் பழைய மாலுமிகளில் மூத்தவர்கள் சிலர், அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் கொஞ்சநேரம் யாரும் தம் அலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி வகைப்பாடு. கொங்கு நாட்டில் அறிமுகமில்லாத இருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று விசாரிப்பது முறை. கப்பல்காரர்களுக்கும் குலம் கோத்திரம் உண்டு; அது கப்பல் பெயரிலேயே வெளிப்பட்டுவிடும். 'விஷ்வ' என்று தொடங்கினால், 1961 அக்டோபர் 2இல் அரசு உருவாக்கிய இந்தியக் கப்பல் கழகத்தின் பிள்ளை. 'ஜல' என்றால் சிந்தியா கம்பெனி. சுதந்திர இந்தியாவில் கட்டிய ஜலஉஷாவை 1948இல் விசாகப்பட்டினத்தில் நேரு கடலில் இறக்கினாரே, அந்த வம்சம். 1974இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகத்தார், அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி சுமந்தவர்கள். அவர்களுடைய கப்பல்கள் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்'. இந்த மூவரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் முணுமுணுக்காமல் வேலை பார்த்தது கப்பல் வடிவில் மட்டும்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் டாலரில் சம்பளம் வாங்கியவர்கள் என்பதால், பில் வரும்போது எல்லோரும் அவர்களைப் பார்ப்பது மரபு.

குலத்துக்குள் பதவி. இந்தியக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியர் 'படா சாப்', மூன்றாம் இன்ஜினியர் 'தீன் சாப்', நான்காமவர் 'சார் சாப்', மின்சாரம் பார்ப்பவர் 'பத்தி சாப்'. முதன்முதல் சேர்ந்து வேலை பார்த்த கப்பலில் எந்தப் பதவியோ, அதுவே கடைசிவரை பெயர். பிறகு இருபது ஆண்டு சீஃப் இன்ஜினியராக இருந்து, பேரன் பேத்தி எடுத்து, கணபதியில் பம்ப் உதிரிபாகப் பட்டறை போட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவரை, எழுபத்தைந்து வயது முன்னாள் படா சாப் ஓட்டல் வாசலில், "ஏய் தீன் சாப், இங்க வா" என்று கூப்பிடுவார். அவரும் போவார், போகும்போது கையிலிருக்கும் காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போவார்.

பதவி போனாலும் வாட்ச் போகாது. நாலு–எட்டு வாட்ச் சீஃப் ஆபீசருக்கும் இரண்டாம் இன்ஜினியருக்கும் உரியது. ரேஸ்கோர்ஸில் பால்காரருக்கு முன்பே நடக்கிறவர்கள் இவர்களே. பன்னிரண்டு–நாலு பார்த்த இரண்டாம் மேட்டும் தீன் சாப்பும் நள்ளிரவில் விழித்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்துபார்ப்பார்கள். (ஆய்வாளர் குறிப்பிடுவது சமையலறைப் பிரிட்ஜை.)

ரேடியோ ஆபீசர்களின் கதை வேறு. 1999 பிப்ரவரி 1இல் செயற்கைக்கோள் வழி அபாயத் தொடர்பு முறை முழுதாக அமலுக்கு வந்ததும் அந்தப் பதவியே கப்பலைவிட்டு இறங்கியது. ஆனால் அதற்கு முன் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் சாவு, யாருக்கு ரிலீவர் வரவில்லை என்பதெல்லாம் முதலில் தெரிந்தவர் அவர்தான். 'மார்க்கோனி சாப்' என்று அழைக்கப்படும் இவர் உள்ள குழுவில் பொய் சொல்வது கடினம். அதனால் அவரைச் சில சந்திப்புகளுக்குக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள்.

இனி மையப் பொருளுக்கு வரலாம். அலை உயரத்தை முடிவு செய்யும் முதல் காரணி அளவு முறை. ரேஸ்கோர்ஸை ஒருமுறை சுற்றினால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். கடல் மைலில் சொன்னால் ஒன்றே கால் சொச்சம்தான். எனவே நடையைச் சொல்லும்போது கப்பல்காரர் கிலோமீட்டருக்கு மாறிவிடுகிறார். அலையைச் சொல்லும்போது மீட்டரை விட்டு அடிக்குப் போகிறார். போஃபர்ட் அளவில் ஃபோர்ஸ் டென் புயலுக்கு உரிய அலை ஒன்பது மீட்டர். முப்பது அடி என்றால் கேட்க நிறைவாக இருக்கிறது. இரண்டாம் காரணி, கேட்பவர். கேட்பவர் தரைவாசி என்றால் அலை உள்ளபடியே இருக்கும், ஏனென்றால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். வேறு கப்பலில் இருந்த மாலுமி என்றால் அலை ஒன்றரை மடங்காகும். அவரும் தம் அலையை உயர்த்துவார். அதே கப்பலில் அதே நாளில் இருந்தவர் வந்து உட்கார்ந்தால் அலை சரேலென்று தணிந்து, பேச்சு சமையல்காரரை நோக்கித் திரும்பும். லாக் புக்கைப் பார்த்துத் தீர்க்கலாமே என்றால், அது கம்பெனியோடு போய்விட்டது.

இவர்களைத் தவிர இன்னொரு சாட்சியும் உண்டு. ஆபீசர்கள் மனைவியைக் கப்பலில் அழைத்துப்போகலாம் என்ற சலுகையால் விளைந்த சாட்சி அது. "பிஸ்கே வளைகுடாவுல அன்னிக்கு..." என்று கணவர் தொடங்குவார். "அது பிஸ்கே இல்லீங்க, கருங்கடலு. நீங்க கேபின்ல படுத்துட்டிருந்தீங்க, நாந்தான் வாந்தியெடுத்தேன்" என்று அடுப்பங்கரையிலிருந்து திருத்தம் வரும். இத்திருத்தங்களைத் தனி நூலாகத் தொகுத்தால் இந்தியக் கடல் வரலாறு பெரிதும் மாறும்.

அதற்காக எல்லாமே அளப்பு என்று எண்ணிவிடக் கூடாது. திடீரென்று எழும் ராட்சத அலை பற்றி மாலுமிகள் சொன்னதையெல்லாம் கடலியல் அறிஞர்கள் நெடுங்காலம் கட்டுக்கதை என்றே ஒதுக்கிவந்தார்கள். 1995 ஜனவரி 1 அன்று நார்வேக்கு அருகே வட கடலில் 'டிராப்னர்' என்ற எரிவாயு மேடையின் கருவி, 25.6 மீட்டர் அலை ஒன்றைப் பதிவு செய்தது. அப்போது சுற்றியிருந்த பெரிய அலைகளின் சராசரி பன்னிரண்டு மீட்டர் அளவே. பதிவான அலையோ 84 அடி! அன்றிலிருந்து கோவையில் எந்த அலையையும் மறுக்க யாருக்கும் தைரியமில்லை.

கதை ஏன் இவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இவர்கள் கடலில் இருந்த காலத்தில் மூட்டையும் பெட்டியும் தனித்தனியாக ஏற்றி இறக்கினார்கள். ஒரு துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்றார்கள். 1975இல் நைஜீரியா அளவுக்கு மீறி சிமெண்ட் வாங்கியபோது, லாகோஸுக்கு வெளியே நூற்றுக்கணக்கான கப்பல்கள் மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. அப்படிக் கிடந்தவருக்கு ஆயுள் முழுக்கப் பேச விஷயம் இருக்கும். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளோடு அமெரிக்காவின் நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கன்டெய்னர் யுகத்தைத் தொடங்கிவைத்த அந்தக் கப்பல், கதை யுகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தும் வைத்தது. இன்றைய கன்டெய்னர் கப்பல் ஒரு நாளுக்குள் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

இவ்விதிகளைச் சோதிக்கப் புதுத் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. பொள்ளாச்சி சாலையில் மயிலேரிபாளையத்தில், கடலின் வாடையே படாத இடத்தில், கோயம்புத்தூர் மரைன் காலேஜ் இருக்கிறது. முதல் கப்பல் முடித்து விடுமுறையில் வந்த பையன் ஒருவன் பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்தால் நடப்பது இதுதான்: ரோட்டர்டாம் பார்த்தாயா என்பார்கள், கிரேன் பார்த்தேன் சார் என்பான். அவனுக்காக எல்லோரும் வருந்துவார்கள். பிறகு அவன் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுவான். வட அட்லாண்டிக்கில் கப்பல் உருள்கிறது. பிரிட்ஜ் சுவரில், கப்பலின் சாய்வைக் காட்டும் கிளைனோமீட்டர் முள் 32 டிகிரியைத் தொட்டுத் திரும்புகிறது. மேசையில் பேச்சு நின்றுபோகும். கண்ணால் காணும் சான்று இந்தக் களத்துக்குப் புதிது.

படா சாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்: "32 தானுங்களா தம்பி? எங்க கப்பல்ல கிளைனோமீட்டர்ல நம்பரே தீந்துபோச்சு."

அதே கப்பலில் அதே நாளில் இருந்த தீன் சாப், மேற்சொன்ன விதிப்படி இப்போது மறுக்க வேண்டும். அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ஆமாங்க தம்பி, நானும் பாத்தேன்" என்பார்.