டைமிங் செயின் கைடும் மயில்வாகனமும்

கேள்வி: காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கடகடவென்று சப்தம் வருகிறது. டைமிங் செயின் கைடு தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே மாற்றலாமா?
— ஒரு வாசகர், விராலிமலை

பதில்: மலைமேல் வீற்றிருக்கும் முருகப்பெருமானுடைய மயில்வாகனத்துக்குச் செயினும் இல்லை, கைடும் இல்லை, நமக்கோ, கிராங்க் இருமுறை சுற்றும்போது கேம் ஒருமுறை சுற்றவேண்டும் என்ற நியமத்தைக் காக்கும் அந்தச் செயின், கைடு தேய்ந்த காரணத்தால் தளர்ந்து பல் தாண்டிவிட்டால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிச் சர்வநாசம் சம்பவிக்கும். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர் தளர்ந்து இதே சப்தம் வரும். அது சரியாக இருந்து, டார்க் ரெஞ்சும், உங்கள் எஞ்சினுக்குரிய சர்வீஸ் புத்தகமும், அவசரமில்லாத ஒரு விடுமுறையும் உங்களுக்கு வாய்க்குமாயின், முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பற்சக்கரக் குறிகளை நேராக்கி, கைடுடன் செயினையும் டென்ஷனரையும் ஒருசேர மாற்றி, பழைய கைடிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் ஆயில் சல்லடையை அடைத்திருக்கக்கூடும் ஆகையால் அதையும் சுத்தம் செய்து, தாராளமாக முடிக்கலாம். ஆனால் சாவியைத் திருப்புமுன் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். குறிகள் மீண்டும் பொருந்தாவிட்டாலோ, நடுவில் எங்கேனும் இடித்தாலோ, பலவந்தம் செய்யாமல் அந்த மெக்கானிக்கையே அழைத்துவிடுங்கள்.