பழுப்பு நிலக்கரியும் பூட்டான் சீட்டும்

எங்கள் ஊர் நெய்வேலியே ஒரு சூதாட்டத்தில் விழுந்த பரிசுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறு ஆளாக இருந்தால் பூதம் கிளம்பிவிட்டது என்று மூடி, எலுமிச்சம்பழம் நறுக்கியிருப்பார். முதலியார் அதை அரசாங்கத்திடம் காட்டினார். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1961-ல்தான் நிலக்கரியின் முகமே தெரிந்தது. நாலு வருஷம் வெறும் மண்ணை வாரிக்கொண்டே, "அடுத்த வெட்டுல வந்துரும்" என்று காத்திருப்பதை அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் ஐந்தாண்டுத் திட்டம். என் அப்பா ஒரு ரூபாய்க்குச் செய்தால் அம்மா வைத்த பெயர் வேறு.

அப்பா ஆடக் கற்றுக்கொண்டதும் அரசாங்கத்திடம்தான். 1968-ல் அண்ணா பரிசுச்சீட்டைக் கொண்டு வந்தார். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு." அப்பாவுக்கு விழவே இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் அவருக்குத் தியாகி பென்ஷன் வந்திருக்க வேண்டும். 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது, மறு வருஷம் பரிசுச்சீட்டும் நின்றது. நாட்டுக்குப் பணம் போதும் போலிருக்கிறது என்று அப்பா நினைத்தார். போதவில்லை, சீட்டு திரும்பி வந்தது. குதிரை விஷயம் இன்னும் விசேஷம். எந்தப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்களோ, அதை நடத்திய கிண்டி ரேஸ் கிளப்பையே 1986-ல் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் இரண்டாவது சட்டத்தைத் தள்ளிவிட்டு, குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று சொன்னது. ஓடுவது குதிரை, திறமை நம்முடையது.

சம்பளத் தேதி சாயங்காலம் லாட்டரிக்காரர் சைக்கிளோடு வந்து நிற்பார். ஹேண்டில்பாரில் கயிறு கட்டி, துணிக்கிளிப் போட்டு, கலர் கலராகச் சீட்டு ஆடும். அப்பா நேராக வாங்க மாட்டார். எண்களைக் கூட்டிப் பார்ப்பார், ஐந்து வரவேண்டும். ஐந்து வந்தாலும் கடைசி எண் எட்டாக இருந்தால் சனி. லாட்டரிக்காரர் பொறுமையாக, "அண்ணே, இது எனக்கே எடுத்து வெச்ச சீட்டு" என்பார். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து, மணிப்பூர் என்று வராத சீட்டு கிடையாது. ஒருநாள் வகுப்பில் நாகாலாந்தின் தலைநகரம் கேட்டார்கள், நான் ஒருத்தன்தான் கை தூக்கினேன். எப்படிடா தெரியும் என்றார் வாத்தியார். "எங்கப்பா சட்டைப் பையில இருக்கு சார்." அன்றைக்கு முட்டி போட்டது ஞாபகம் இருக்கிறது.

சூதாட்ட மெஷின் வந்தது அதற்குப் பிறகு. சாம்பல் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை, அதற்குப் பின்னால் சாக்குப் படுதா, படுதாவுக்குப் பின்னால் ஒரு டி.வி. பெட்டி. காசு போட்டால் திரையில் சீட்டுக்கட்டு விரியும். கிளீனர் பையன் ஒருத்தன் இட்லிக் காசை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசிக் காசு உள்ளேயே சிக்கிக்கொண்டது. அவன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான், உள்ளேயிருந்து பாட்டு வந்தது, காசு வரவில்லை. கடைக்காரர், "திறமை வேணும் தம்பி" என்றார். 1995-ல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி பெட்டிகளைப் பற்றி விசாரித்து, லைசென்ஸ் கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. எங்கள் கடைக்காரரிடம் டீக்கே லைசென்ஸ் கிடையாது.

அமெரிக்காவிலும் நிலக்கரிச் சீமை ஒன்று இருக்கிறது, பென்சில்வேனியா. அங்கே 2017-ல் சட்டம் போட்டு லாரி நிறுத்தங்களில் ஐந்து மெஷின் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். சும்மா இல்லை. மூன்று ஏக்கர் நிலம், இருபது லாரி நிற்க இடம், மாதம் சராசரியாக 50,000 கேலன் டீசல் விற்பனை, ஒரு கடை. படித்ததும் எனக்கு அந்தப் படுதாதான் நினைவுக்கு வந்தது. மூன்று ஏக்கருக்குப் பதில் மூன்று பெஞ்சு, 50,000 கேலனுக்குப் பதில் ஒரு பாய்லர். லாரிகள் மட்டும் இருபதுக்குக் குறையாது.

2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியை ஒரேயடியாகத் தடை செய்தார். அதே வருஷம் நவம்பரில் அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளைத் தானே நடத்த ஆரம்பித்தது. குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94. வருஷ ஆரம்பத்தில் 94-ஐ மூடி, வருஷக் கடைசியில் 93-ஐத் திறந்தார்கள். 95 மருந்து, அதை அவரவர் சொந்தச் செலவில் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் மெஷின் கைக்குள்ளேயே வந்துவிட்டது. 2022-ல் ஆன்லைன் சூதுக்கு அவசரச் சட்டம், பிறகு மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்ப, சபை மறுபடி அனுப்ப, 2023 ஏப்ரலில் கையெழுத்து. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை என்று தடையிலிருந்து விலக்கியது. திறமைக்குக் கடிவாளம் போட 2025 பிப்ரவரியில் விதி வந்தது: நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை காசாட்டம் கூடாது. நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்த்தவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கன்வேயர் பெல்ட் ஓடுகிறது, அனல்மின் நிலையம் ஓடுகிறது, ரம்மி மட்டும் தூங்கப் போய்விட்டது. ஆகஸ்டில் டில்லி சட்டம் போட்டுக் காசாட்டத்தையே நிறுத்திவிட்டதால், தூங்கப் போன ரம்மி எழுந்திருக்கவே இல்லை.

போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு பூட்டான் சீட்டு கிடைத்தது. 2003 ஜனவரிக் குலுக்கல். தடை வந்த வாரம் ரிசல்ட் பேப்பரும் நின்றுவிட்டதால் பார்க்கவே இல்லையாம். எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், ஐந்து. கடைசி எண்ணும் எட்டு இல்லை.

"கீழ வைடா" என்றார் அப்பா. "அது விழுந்த சீட்டு."