எதிர்காலத்தில் வசிப்பவர்

ஸ்பெயின் தேசத்துச் சாலமான்கா நகரத்துக்கு ஸ்பானிஷ் படிக்க வரும் வெளிநாட்டார் கூட்டத்தில் இவரைக் கட்டாயம் பார்க்கலாம். வயது ஐம்பது இருக்கும். வகுப்பில் நேற்றுதான் எதிர்காலம் நடத்தியிருக்கிறார்கள். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

இறந்தகாலம் அவரைப் படாதபாடு படுத்திவிட்டது. முடிந்துபோனதற்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. எதிர்காலத்திலோ வினையின் வாலைக்கூட நறுக்க வேண்டாம். முழுசாக வைத்துக்கொண்டு ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன் என்று ஆளுக்கேற்ப ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது. 'அப்லரே', பேசுவேன். 'கொமெரே', சாப்பிடுவேன். 'விவிரே', வாழ்வேன். மூன்று வகை வினைக்கும் ஒரே விகுதி. அன்றோடு மனிதர் கடந்தகாலத்தைக் கைகழுவிவிட்டார். சாப்பிட்டாயிற்றா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டால், வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தும் "சாப்பிடுவேன்" என்பார். மறுபடியும் ஒரு தட்டு வரும்.

இந்த விகுதிகள் 'அபேர்' என்ற துணைவினை ஒட்டிக்கொண்டதால் வந்தவை, 'பேச வேண்டியிருக்கிறது' என்பதே 'பேசுவேன்' ஆனது என்று இதே ஊரில் பாடம் சொன்ன நெப்ரிஹா 1492-இல் எழுதிய இலக்கணத்தில் விளக்கியிருக்கிறார். ஆக, ஒவ்வொரு 'வேனி'லும் ஒரு கடன் உட்கார்ந்திருக்கிறது. நம்மவர் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

அவருடைய ஒரே எதிரி, ஒழுங்கு தவறிய ஒரு டஜன் வினைகள். வருவேன், செய்வேன், வெளியே போவேன், விரும்புவேன் எல்லாம் அந்தக் கோஷ்டி. அவற்றின் பக்கமே போகமாட்டார். விருந்துக்குக் கூப்பிட்டால் "வருவேன்" கிடையாது. "வந்து சேர்வேன்" உண்டு. கடையில் தொங்கும் பன்றித்தொடையைப் பார்த்து "விரும்புவேன்" என்று சொல்லத் தெரியாமல் "காதலிப்பேன்" என்பார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். வாடகை பாக்கி இருக்கும் மாதத்தில் "வெளியே போய் வருவேன்" என்பதற்குப் பதில் "தப்பித்துவிடுவேன்" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்குவார். இலக்கணம் சுத்தம். அம்மாளுக்குத்தான் தூக்கம் போய்விடும்.

மணி என்ன என்று அவர் கேட்டால், "செரான் லாஸ் தியெஸ்" என்று குத்துமதிப்பாகச் சொல்வாள் அவள். வினை எதிர்காலம்தான்; ஆனால் இப்போது பத்து இருக்கும் என்று பொருள். மேலே அவர் வயதை நான் சொன்னேனே, அதே கணக்கு. அவரோ, பத்து ஆகும்போது ஆகட்டும் என்று அறையில் போய்ப் படுத்துக்கொள்வார். சூப் ஆறிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் போவார். சுவரில் பத்துக் கட்டளைகள் இருந்தால் விட மாட்டார். ஸ்பானிஷில் அவை எதிர்காலத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 'நோ மத்தாராஸ்', கொல்ல மாட்டாய். 'நோ ரொபாராஸ்', திருட மாட்டாய். விரலை வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்துவிட்டு, ஜாதகம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற திருப்தியோடு உண்டியலில் இரண்டு யூரோ போட்டுவிட்டு வருவார்.