எர்த் ப்ராப்ளம், சார்!

"இனிமே சத்தமே வராது சார், கேரண்டி" என்று அந்தத் தம்பி சொன்னது அண்ணா மேம்பாலம் வரைக்கும் உண்மையாகத்தான் இருந்தது. மேம்பாலம் ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், டிக்கியில் இருந்து 'ஙொய்ய்ய்ங்' என்று கிளம்பிவிட்டது. மிதிக்க மிதிக்க மேல் ஸ்தாயிக்குப் போகிறது. கியர் மாற்றினால் இறங்கி வந்து மறுபடி ஏறுகிறது. இளையராஜா வயலினுக்கு எந்த சுருதி வைத்தாரோ அதைத் தவிர மற்ற எல்லா சுருதியையும் தொட்டுவிடுகிறது.

வண்டியை அப்படியே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இருக்கும் அந்தத் தம்பியின் கார் ஆடியோ கடைக்குத் திருப்பினேன். தம்பி டிக்கியைத் திறக்கவில்லை. பானட்டைத் திறக்கவில்லை. ப்ளேயரை ஆன் பண்ணிக் கேட்கக்கூட இல்லை. வாயில் இருந்த டீயை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எர்த் ப்ராப்ளம் சார்."

போன தடவையும் அதைத்தான் சொன்னார்.

ஏசி போட்டால் மட்டும் அந்தச் சத்தம் ஒரு படி ஏறுகிறதே, அது ஏன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த எர்த்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும். டிக்கியில் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வைக்காதவர்கள் புண்ணியவான்கள், பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நம்மூரில் உடம்புக்கு கேஸ் எப்படியோ, வயருக்கு எர்த் அப்படி. நெஞ்சை அடைத்தால் கேஸ். முதுகைப் பிடித்தால் கேஸ். தூக்கம் வராவிட்டால் கேஸ், நன்றாகத் தூங்கினால் கேஸ் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் பெரியப்பாவுக்கு முழங்காலில்கூட கேஸ் இருந்தது. காருக்கும் அதே நாடி, அதே வைத்தியம். சத்தம் வந்தால் எர்த். வராவிட்டாலும் எர்த். இடது பக்கம் மட்டும் பாடினால் எர்த், வலது பக்கம் மட்டும் பாடினால் அது வேற எர்த். ஆம்ப் தொட முடியாமல் சுட்டால் எர்த். சிவப்பு ப்ரொடெக்ட் லைட் எரிந்தால் எர்த், ஒரு லைட்டும் எரியாவிட்டால் கட்டாயம் எர்த். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் எர்த். மைலேஜ் குறைகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எர்த்தாவும் இருக்கலாம் சார்" என்றார்.

கடையோடு போயிற்றா என்றால், இல்லை. டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள், குடியிருப்பே கூடிவிடும். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்து, "எர்த் பாத்தீங்களா சார்?" என்றார். காய்கறி வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்து அதையே சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சினன், போனை ஸ்பீக்கர் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டான். வீடியோ காலில் கண்ணை மூடியது தெரிந்தது. "மாமா, எர்த்துதான்." கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாடிக்காரர் மட்டும் ஆழமாகப் போனார். "குழி தோண்டி உப்பும் கரியும் போட்டீங்களா? வாரா வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும்." எங்கே ஊற்றுவது என்று நான் காரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன்.

எர்த் என்று சொல்லாத ஒரே ஜீவன் என் வீட்டுக்காரி. "கேஸ் அடுப்பு ரெண்டு மாசமா ஒழுங்கா எரியல. அதை யார் பாக்கறது?" என்றாள். பார்க்க ஆள் வந்தார். பர்னரைக் கழற்றினார், தட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் வாயைத் திறந்து, "அடைப்பு" என்றார். அந்த மனிதருக்கு என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் எர்த்தான் காரணம். அதுதான் எனக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டரில் பிறப்பது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட். டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன, ஆனால் முழுக்க வழவழப்பாக அல்ல. 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சின்னச் சின்ன அலைகளை விடும். நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால் நொடிக்கு 1200 அலை, காதுக்கு நன்றாக உறைக்கிற இடம். ப்ளேயருக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு வேறொரு எர்த், இரண்டுக்கும் நடுவே ஆர்சிஏ கேபிள் என்றால், அந்த அலை கேபிளின் மேல் உறை வழியாக ஓடி ஆம்ப்புக்குள் நுழைந்துவிடும். ஆம்ப் பாரபட்சம் பார்க்காது. வயலினையும் பெருக்கும், ஆல்டர்னேட்டரையும் பெருக்கும்.

சரி, எர்த்தே ஆகட்டும். எங்கே? எந்த போல்ட்டில்? அதைக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஆம்ப்பின் எர்த் திருகிலும் நீளமான வயர் போட்டுத் தொட்டால் முடிந்தது வேலை. 0.1 வோல்ட் பக்கம் காட்டினால் எர்த்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம். அரை வோல்ட் காட்டினால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், எர்த் ப்ராப்ளம் என்று. நானே கூடச் சேர்ந்து சொல்கிறேன். கடைச் சுவரில் ஒரு மீட்டர் தொங்கத்தான் செய்கிறது. அதற்குப் பூ வைத்து, சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார்கள்.

தம்பி கடைசியில் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கியபோது நானும் குனிந்து பார்த்தேன். எர்த் வயரின் முனையில் ஒரு லக், அதைத் தகட்டில் பிடித்து ஒரு ஸ்க்ரூ. லக்குக்கு அடியில் பெயின்ட் ஷோரூமில் பார்த்த அதே பளபளப்போடு இருந்தது. பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிந்தால்தானே கரண்ட் போகும்? விரலால் தொட்டேன், லக் காத்தாடி மாதிரி சுற்றியது. வயரைப் பல்லால் கடித்து உரித்திருந்ததில் பாதி இழை போயிருந்தது. மிச்ச இழையை பிளேடால் கீறினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். பில்லில் மட்டும் காப்பர் என்று அழகாக எழுதியிருந்தது.

பெட்டியின் மேல் 3000 வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பற்றித் தனியாக அழவேண்டும். ஆம்ப்பில் இருப்பது இரண்டு 25 ஆம்பியர் ஃப்யூஸ். 50 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 720 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மிச்ச வாட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அது பீக் சார்" என்றார் தம்பி. அதை எர்த் என்று சொல்லாததற்காக மனசுக்குள் ஒரு நன்றி சொன்னேன்.

இத்தனையும் பார்த்த பிறகு அவர் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? லக்கைத் தொடவில்லை. ஆர்சிஏ நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு நாய்ஸ் ஃபில்டரைச் செருகினார். அதற்கு ஒரு பில். சத்தம் போய்விட்டது, கூடவே பேஸும் போய்விட்டது. பேஸுக்காகத்தானே ஐயா, இந்த வயதில் டிக்கியில் சாமான் வைக்கிற இடத்தில் பாதியைக் கொடுத்தேன்! போன பேஸுக்குக் காரணம் என்ன என்று கேட்க நினைத்தேன். பதில் தெரிந்ததால் கேட்கவில்லை.

ஏசி விஷயத்துக்கு வரவேண்டும். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றை பானட்டைத் திறந்தபோது பார்த்தேன். பேட்டரியில் இருந்து ஆம்ப்புக்குப் போகும் சிவப்பு வயரில் ஃப்யூஸ் இருக்கிறது. ஆனால் டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில். பேட்டரியில் இருந்து அதுவரை பதினைந்து அடி வயருக்குக் காவலே இல்லை. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் அதை நுழைத்திருக்கிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பு உறையை அறுக்கும். வயர் தகட்டைத் தொட்ட நொடியில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். டிக்கியில் இருக்கும் ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு அப்புறம் ஙொய்ங் சத்தம் கேட்காது, காரும் இருக்காது.

சத்தத்தை விடுங்கள், சகித்துக்கொள்ளலாம். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பானட்டைத் திறந்து, பேட்டரி ப்ளஸ்ஸில் இருந்து ஒன்றரை அடிக்குள் அந்தச் சிவப்பு வயரில் ஒரு ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியில் இருந்து வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்துவிட்டு, ஃப்யூஸ் போடும்வரை பாட்டை மொபைலில் கேளுங்கள்.