தபாலில் வரும் கொலைகாரன்

தலை சுற்றவைக்கும் துப்பறியும் நாவல் ஒன்றை நண்பர்கள் தபாலில் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். கொலைகாரன் யாரென்று முதலில் யாருக்குத் தெரியும்? (வாசகர், கும்பகோணம்)

தபால்காரருக்கு! புக் போஸ்ட் உறையை ஒட்டாமல் அனுப்ப வேண்டும் என்பதுதானே பழைய விதி?

நாவலில் அத்தியாயத்துக்கு ஒரு தலை உருள்கிறதே! (வாசகி, மன்னார்குடி)

உருளட்டும். உறைமேல் ஒட்டும் தலை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் பெறுபவர் இருமடங்கு அழ வேண்டும்.

கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்களே? (வாசகர், திருவாரூர்)

அடுத்த நாவலுக்குக் கரு கிடைத்தாயிற்று. சந்தேகப் பட்டியல்தான் உங்களிடமே இருக்கிறதே, முகவரியோடு!

டெல்டாவில் நெல் விளையும். துப்பறியும் கதை விளையுமா? (வாசகர், திருவையாறு)

அமோகமாக! வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’தான் 1950-ல் ‘திகம்பர சாமியார்’ படமானது. அதில் துப்பறிந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் வில்லனாக நம்மை மிரட்டிய நம்பியார்!

தபால் செலவில்லாமல் புத்தகம் வீடு தேடி வருமா? (வாசகி, நீடாமங்கலம்)

வந்ததே! 1931-ல் மன்னார்குடி வட்டாரக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகமே போனது. இன்று வண்டியும் இல்லை, மாடும் இல்லை. கேட்டால் கொடுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.