வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்

எண்பதுகளில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்குத் தெரியும், வாடகை ஒப்பந்தம் என்பது அன்று வீட்டுக்கார மாமியின் வாயில் இருந்தது. திண்ணையில் உட்கார வைத்து, டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒன்பதரைக்கு மேல் கதவு திறக்காது, கிணற்றடியை விடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும், கருவாடு நிலைப்படியைத் தாண்டக் கூடாது, ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கினால் அவர்கள் சொந்தக்காரர்களே இல்லை. அரும்பு மீசையோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே, மொட்டை மாடியில் எந்த மூலையில் உட்கார்ந்து கவிதை எழுதலாம் என்று நான் மனசுக்குள் இடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடி வடாம் காயப்போட மட்டும்தான் என்பது கடைசி நிபந்தனையாக வந்து சேர்ந்தது.

அப்போதிருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சென்னை போகப் போக அதைப் பத்து மாதமாக வளர்த்துக்கொண்டது. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து ஒரு சட்டத்தை இவ்வளவு ஒற்றுமையாக மறந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் வாய்ச்சொல்லில் ஒரு சுகம் இருந்தது. தீபாவளிக்கு அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா ஒன்று மாமி வீட்டுக்குள் போனால் ஒன்பதரை மணி பத்தேகால் ஆகும், காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் மாடியேறி வரும், கவிதையும் வடாமும் ஒரே வெயிலில் காயும்.

இப்போது மகள் பெருங்குடியில் ஃபிளாட் பார்த்திருக்கிறாள். ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வந்தது, அத்தனையும் ஆங்கிலம். என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நாகரிகம் வளர்ந்திருக்கிறது, அதையெல்லாம் புரோக்கர் போனிலேயே கேட்டு முடித்துவிடுகிறார். காகிதத்தில் இருந்ததெல்லாம் பணம். காலி செய்யும்போது சுவர் எப்படியிருந்தாலும் பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். லாக்-இன் முடியுமுன் அவள் போனால் மிச்ச மாத வாடகையையும் கட்ட வேண்டும், ஓனர் போகச் சொன்னால் பதினைந்து நாள் போதும். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு ஓனர் வைத்ததே விலை. அவர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம்.

மகள் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே போனாள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில், ஓனர் வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குள், காலி செய்த ஒரு மாதத்தில் அதைத் திருப்ப வேண்டும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்லியிருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அட்வான்ஸ் வரம்போடும் தேய்மானத்தோடும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு வாலைச் சட்டம் சேர்த்திருந்தது. அந்த வேறு ஒப்பந்தம்தான் மகள் கையில் இருந்தது. மாமியிடம் கையெழுத்துப் போட ஒன்றும் இல்லாததால், விட்டுக்கொடுக்கவும் எனக்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஒப்பந்தக் காலம் பதினோரு மாதம் என்பது மட்டும் மாறவில்லை. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பயந்து பிறந்த எண் அது; எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிய வேண்டும் என்று புதிய சட்டம் சொன்ன பிறகும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ராசி போல.

"இது எல்லாரும் போடுற ஃபார்மட்தான் மேடம், யாரும் படிக்க மாட்டாங்க" என்றார் புரோக்கர். மகள் நேராக ஓனருக்கே போன் செய்தாள். பெயின்ட் விஷயமும் திடீர் வருகையும் தன் ஒப்பந்தத்தில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. டைப்பிங் சென்டரில் கொடுத்ததை அப்படியே அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, தான் பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே அவருடைய ஒப்பந்தமும் மகளுக்கு வந்தது, எங்கெங்கே மஞ்சள் கோடு போட வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு.