ஏரோர் களவழி: ஓடுதளமும் நெற்களமும் குறித்து ஓர் ஆய்வு

விமானம் ஓட்டி ஓய்ந்தவர்கள் இரண்டு பேர் கூடினால், பேச்சு போயிங்கில் தொடங்கினாலும் அங்கே நிற்பதில்லை. துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானம், அதைக் கொண்டுபோய் இறக்கிய ஏதோ ஒரு பொட்டல், இறங்கும் நேரம் பார்த்துக் குறுக்கே வந்து நின்ற எருமை என்று பேச்சு மெல்லத் தாழ இறங்கிவிடும். இந்த நினைவுகளையெல்லாம் இதுவரை விமானத்தின் பக்கமிருந்தே படித்துவிட்டார்கள்; எருமையின் பக்கமிருந்து யாரும் படிக்கவில்லை. எருமை ஏன் அங்கே வந்தது? வைக்கோல் கிடந்தது, வந்தது. வைக்கோல் ஏன் கிடந்தது? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் விமானவியல் இன்றும் அரைகுறையாக நிற்கிறது. இவ்வாய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஓடுதளம் என்பது நெற்களத்தின் ஒரு வகை. அறுவடை இல்லாத நாட்களில் அங்கே வந்துபோகும் விருந்தாளிக்கு விமானம் என்று பெயர். இதை நிறுவப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக் கரிக்கலாம்பாக்கத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. அங்கே ஓடுதளம் இல்லை என்பது ஆய்வுக்குக் கூடுதல் வசதி.

முதலில் இலக்கியச் சான்று. தொல்காப்பியம் வாகைத் திணையில் இரண்டு களவழிகளைச் சொல்கிறது. உழவர் நெற்களத்தில் அடையும் பெருமிதம் ஏரோர் களவழி. வீரர் போர்க்களத்தில் அடைவது தேரோர் களவழி. ஏரோர் என்றால் ஏரை உடையவர் என்றே உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். அவர்கள் காலத்தில் ஏரோபிளேன் இல்லை, ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏரோட்டியும் ஏரோபிளேன் ஓட்டியும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும். ஊர்ப்பெயரையும் கரி, களம், பாக்கம் என்று பிரித்துச் சான்றாக்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். களத்தில் இருப்பது ளகரம், ஊர்ப்பெயரில் இருப்பது லகரம். நாக்கை ஒரு மடிப்பு மடித்து ஆய்வைக் காப்பாற்றுவது முறையாகாது.

இனி களச்சான்று. இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரர்கள் உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் என்று நம் பக்கத்துப் பொட்டல்களில் ஓடுதளம் போட்டார்கள். போருக்காகப் போட்டவை, எனவே தேரோர் களவழி. போர் முடிந்தது, விமானம் வருவது நின்றது, தளம் கிடந்தது. சோழவரம் மட்டும் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடத்தி, தேரோர் மரபை நான்கு சக்கரத்தோடு காப்பாற்றியது. உளுந்தூர்ப்பேட்டைக்கோ பெயரிலேயே தானியம் இருக்கிறது. அதற்கு மேல் ஓர் ஆய்வாளன் என்ன கேட்பான்? விமானம் போன தளம் உழவர் பக்கம் திரும்புவது தமிழ்நாட்டு வழக்கம் மட்டும்தானே என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கலாம். நார்ஃபோக் பகுதியில் ஆட்டில்பிரிட்ஜ் என்ற போர்க்கால விமானதளத்து ஓடுதளத்தின்மேல் பின்னாளில் வான்கோழிக் கொட்டகைகளை வரிசையாகக் கட்டினார்கள். சிறகு இருந்தும் உயரப் பறக்காத ஓர் உயிருக்கு அந்த இடத்தை ஒதுக்கியவரின் நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும். இன்னும் வலுவான சான்று நேபாளத்து லுக்லா. 1964-ல் எட்மண்ட் ஹிலாரி முயற்சியில் அமைந்த அந்த ஓடுதளத்தின் மண் இறுகவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சாராயம் வாங்கிக்கொடுத்து, கைகோத்து ஆடவிட்டு, காலால் மிதித்தே கெட்டிப்படுத்தியதாகச் சொல்வார்கள். 527 மீட்டர் நீளம், அதிலும் மலைச்சரிவு. உலகத்து விமானிகள் வாய் ஓயாமல் பேசும் ஓடுதளம் அது. மண்ணை மிதித்து இறுக்குவது, சாணி மெழுகுவதற்கு முன் நம் களத்துமேட்டில் நடக்கும் வேலை. லுக்லாவில் சாணி மட்டும்தான் பாக்கி.

கரிக்கலாம்பாக்கத்துச் சாலைக்கு வருவோம். தை, மாசியில் சம்பா அறுவடையானதும் தார்ச்சாலையின் ஒரு பாதி நெல்லுக்குப் போய்விடும். ஓரத்தில் பாதிச் செங்கல், கருங்கல், பழைய டயர், முள்கிளை என்று ஒரு வரிசை; வண்டிக்காரன் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை அது காட்டும். விமான நிலையத்தில் இதே வேலைக்கு விளக்கு வைத்து மின்கட்டணமும் கட்டுகிறார்கள். ஓர் அம்மா வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவார். கால் இழுத்த கோடுகள் ஓடுதளத்து வெள்ளைக்கோடுகளைவிட நேராக நிற்கும். சாயங்காலம் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தால் அன்றைய போக்குவரத்து முடிந்தது. உளுந்துச் செடியைப் பரப்பிவைத்தால் பஸ்ஸே ஏறி அடித்துக் கொடுக்கும். மாட்டைப் பிணைத்துப் போரடித்த வேலையை மாட்டைவிட வேகமாக, டிக்கெட் வாங்கிய பயணிகளோடு அது செய்கிறது. காற்றையும் கவனியுங்கள். தூற்றுகிறவர் முறத்தை உயர்த்துமுன் ஒரு கைப்பிடி பதரை விட்டுக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். விமானிக்கு அதைச் சொல்லக் கம்பத்தில் ஒரு காற்றுப்பை தொங்குகிறது. பதர் மலிவு, துல்லியம்.

முதல் மறுப்பு: கரிக்கலாம்பாக்கத்தில் விமானம் இறங்கியதே இல்லையே. உண்மை. புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுதளத்தின் வரலாற்றையும் பார்த்துவிட்டுப் பேசலாம். 1989-ல் வாயுதூத் நிறுவனத்தின் டோர்னியர் 228 அங்கே இறங்கியது. 19 பேர் உட்காரலாம், உடம்பு சதுரம், சிறகு தலைக்குமேல், பறக்கும் தீப்பெட்டி என்றால் தப்பில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சேவை நின்றது. அடுத்த பயணிகள் சேவை வர 2013 ஆகிவிட்டது. பிறகும் வந்தது, நின்றது, 2017-ல் வந்தது, நின்றது, 2024 டிசம்பரில் மறுபடி வந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 11 ஏக்கருக்கு மேல் வெயில் படும் இடம். 3 செ.மீ. கனத்தில் பரப்பினால், ஒரு கன மீட்டருக்கு 570 கிலோ என்று வைத்துக்கொண்டு, 75 கிலோ மூட்டையாகப் பத்தாயிரத்துக்கு மேல் காயும். அந்த ஏறத்தாழ இருபது வருட இடைவெளியில் பாகூர் நெல் எவ்வளவு காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் மனம் தாங்காது.

இரண்டாவது மறுப்பு தஞ்சாவூரிலிருந்து வரும். நெற்களஞ்சியத்தின் நடுவிலேயே அவ்வூர் ஓடுதளம் களமாகாமல் 2013-ல் விமானப்படைத் தளமானது, 2020-ல் சுகோய்-30 போர்விமானங்களும் வந்தன. மறுக்கவில்லை. அங்கே சுற்றுச்சுவரும் காவலும் இருக்கின்றன. சுவர் இருக்கும் இடத்தில் எந்த மண்ணும் தன் இயல்பைக் காட்டாது. சுகோயின் பின்பக்க அனலை நெல் உலர்த்தப் பயன்படுத்தலாமா என்பது தனி ஆய்வுக்கு உரியது. மூன்றாவது மறுப்பு எடையைப் பற்றியது: விமானம் ஏறினால் நெல் நொய்யாகிவிடுமாம். பெங்களூரில் உருவாகி, 1958-ல் முதலில் பறந்து, பிறகு பறக்கும் கழகங்களில் எத்தனையோ பேருக்கு விமானம் கற்றுக்கொடுத்த புஷ்பக், ஆளும் எரிபொருளும் ஏற்றிய பிறகு சுமார் 600 கிலோ. அதாவது எட்டு மூட்டை நெல். அது ஏறி இறங்கினால் நெல்லுக்குத்தான் அவமானம். அதற்கு முந்தைய டைகர் மாத்துக்கு பிரேக்கே கிடையாது. வாலடியில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டை. அது மண்ணைக் கீறியே வேகம் குறையும். கீறிக்கொண்டு போவது ஏர். ஏரோர் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருளை இப்போதாவது உரைகாரர்கள் ஏற்கலாம்.

சாலை வேறு, ஓடுதளம் வேறு என்று இன்னமும் பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அரசே பதில் சொல்லிவிட்டது. 2021 செப்டம்பரில் ராஜஸ்தானத்து பார்மர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையின் 3 கிலோமீட்டரை அவசர ஓடுதளமாகத் திறந்து, விமானப்படையின் பெரிய சரக்கு விமானத்தில் அமைச்சர்களையே கொண்டுவந்து இறக்கினார்கள். தார்ச்சாலை ஓடுதளமாகலாம் என்பது உறுதியாகிவிட்டதால், நம் ஊருக்கும் முறைப்படி ஓர் அறிவிப்பு வெளியிடுவது நல்லது. விமானிகள் கவனத்துக்கு: கரிக்கலாம்பாக்கம் சாலை, தை முதல் மாசி முடிய. வில்லியனூர்ப் பக்கமிருந்து இறங்குகிறவர்கள் இடது பாதியை மட்டும் பயன்படுத்தவும். வலது பாதியில் வெள்ளைப் பொன்னி காய்கிறது. ஒருமுறை தாழப் பறந்து எருமையை ஓட்டிவிட்டு இறங்குவது வழக்கம்தான், ஆனால் இறக்கைக் காற்றில் பதர் பறந்து பக்கத்து வீட்டு வாசலில் விழாத உயரத்தில் பறக்கவும். செங்கல்லை நகர்த்தினால் திருப்பி அதே இடத்தில் வைக்கவும்.